இடது காலுக்கு ஒரு பாடம்: கிளட்ச்சைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

எல்.எல்.ஆர். வாங்கியாச்சு. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாச்சு. ஸ்டியரிங்கும் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. ஆனால் இந்த கிளட்ச் மட்டும் காலுக்கு வர மாட்டேங்குது! சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிடுகிறது. மேம்பாலத்து ஏற்றத்தில் நின்று கிளம்பினால் பின்னால் உருள்கிறது. புதிதாகக் கார் பழகும் பலரும் சொல்லும் குறை இதுதான்.

பழகுநர் உரிமம் பெற்று குறைந்தது 30 நாட்கள் ஆன பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். அந்த உரிமம் 6 மாதங்கள் செல்லும். இடைப்பட்ட நாட்களில் கிளட்ச்சைப் பழகிக்கொண்டால் தேர்வும் எளிது, பிறகு வண்டிச் செலவும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, மலைப்பாதையில் உங்களையும் உங்கள் குடும்பத்தையும் காப்பாற்றப் போவதும் இந்தப் பழக்கம்தான்.

முதலில் ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது, கியர் மாற்றும்போது, நிற்கும்போது: இந்த மூன்று நேரத்தில் மட்டும்தான் கிளட்ச்சுக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் இடது கால் கீழே தரையில் இருக்க வேண்டும். இந்தப் பாடத்தில் மற்றதெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்துதான் வருகிறது.

பெடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது?

வண்டி நிற்கும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆக்சிலேட்டரைத் தொடாவிட்டாலும் பெரும்பாலான கார்களில் அது நிமிடத்துக்குச் சுமார் 700 முதல் 900 சுற்று சுற்றும். சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுற்றுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் சட்டென்று கோத்துவிட்டால் என்ன ஆகும்? வண்டி குதிக்கும், இல்லாவிட்டால் இன்ஜின் நின்றுவிடும். இரண்டையும் பதமாகச் சேர்த்துவைக்கும் வேலைதான் கிளட்ச்சுடையது.

இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரத்துக்கு ஃப்ளைவீல் என்று பெயர். கியர் பாக்ஸுக்குச் சக்தியைக் கொண்டுபோவது கிளட்ச் பிளேட். இந்த பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடித்திருப்பது பிரஷர் பிளேட். நீங்கள் பெடலைத் தொடாதபோது இவை மூன்றும் இறுக்கமாகச் சேர்ந்து ஒன்றாகச் சுற்றுகின்றன. பெடலை முழுதாக மிதித்தால் பிரஷர் பிளேட்டின் பிடி தளர்ந்து, இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது.

பெடல் பாதியில் இருக்கும்போதுதான் விஷயம் இருக்கிறது. அப்போது பிளேட் பாதி ஒட்டியும் பாதி வழுக்கியும் சுற்றும். ஓடும் பேருந்தில் நின்ற இடத்திலிருந்தே தாவி ஏறுபவரை பேருந்து இழுத்துத் தள்ளிவிடும். கூடவே நாலடி ஓடி, அதன் வேகத்துக்கு வந்தபின் கம்பியைப் பிடித்தால் அந்த இழுப்பு தெரியாது. (அப்படி ஏறவே கூடாது, அது வேறு விஷயம்!) கிளட்ச் பிளேட் வழுக்கும் அந்தச் சில விநாடிகள்தான் அந்த நாலடி ஓட்டம். கிளம்புவதற்கு அது கட்டாயம் தேவை. ஆனால் அப்படி வழுக்கும்போது உராய்வும் சூடும் உண்டாகி பிளேட் தேயும். எனவே வழுக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

உட்காரும் முறை

கிளட்ச் சரியாக வராததற்குப் பல நேரம் காரணம் காலில் இல்லை, சீட்டில் இருக்கிறது. கிளட்ச் பெடலை அடிவரை மிதித்துப் பாருங்கள். அப்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் முழுதாக நீண்டுவிட்டால் சீட்டை முன்னால் நகர்த்துங்கள். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தால் பின்னால் நகர்த்துங்கள்.

பெடலை மிதிப்பது முன்பாதத்தால். நுனி விரலால் அல்ல. வழுக்கும் செருப்பு, கழன்றுவிடும் செருப்பு, உயர்ந்த ஹீல்ஸ் வேண்டாம். கால்மிதி நகர்ந்து பெடலுக்கு அடியில் போயிருக்கிறதா, தண்ணீர் பாட்டில் உருண்டு வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பெடல் முழுதாக இறங்காவிட்டால் கியரும் சரியாக விழாது.

முதல் பயிற்சி: வண்டி பிடிக்கும் இடம்

பெடலை மேலே விட்டுக்கொண்டே வரும்போது, ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் லேசாக அடங்கும். வண்டி மெல்ல ஒரு நடுக்கம் காட்டும். முன்பக்கம் கொஞ்சம் நிமிர்வது போலத் தெரியும். பிளேட் பிடிக்கத் தொடங்கும் இடம் இதுதான். டிரைவிங் ஸ்கூலில் ‘பைட்டிங் பாயின்ட்’ என்பார்கள். இந்த இடம் காருக்குக் கார் மாறும். வீட்டு காரில் பழகிய கால், டிரைவிங் ஸ்கூல் காரில் தடுமாறுவதற்குக் காரணமும் இதுவே.

ஆள் நடமாட்டம் இல்லாத சமதளமான இடத்தில், உரிமம் உள்ள பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். பழகுநர் சாலையில் ஓட்டும்போது வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

1. கிளட்ச்சை முழுதாக மிதித்து, பிரேக்கிலும் கால் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் கியர் போடுங்கள்.

2. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, பிரேக்கிலிருந்து வலது காலை மெதுவாக எடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள்.

3. கிளட்ச்சை மிக மெதுவாக விடுங்கள். வண்டி நடுங்கத் தொடங்கும் இடத்தில் காலை அப்படியே நிறுத்துங்கள்.

4. வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். சில அடி நகர்ந்ததும் மீதி கிளட்ச்சையும் மெதுவாக விடுங்கள்.

5. நிறுத்த, கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதியுங்கள்.

இதைப் பத்துப் பதினைந்து முறை செய்தால் போதும், அந்த இடத்தைக் கால் தானாகக் கண்டுபிடித்துவிடும். நடுவில் வண்டி ஆஃப் ஆனால் பதற வேண்டாம். ‘கொஞ்சம் சீக்கிரம் விட்டுட்டோம்’ என்று அர்த்தம், அவ்வளவுதான். விட்ட இடத்தில் தொடங்காமல் முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.

கியர் மாற்றும்போது

மிதிப்பது வேகமாக, விடுவது பதமாக. இதுதான் சூத்திரம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், கிளட்ச்சை முழுதாக மிதியுங்கள், கியரை மாற்றுங்கள், கிளட்ச்சை விட்டுக்கொண்டே ஆக்சிலேட்டரை மெல்லக் கொடுங்கள். வேகம் கூடக் கூட இந்த ‘விடுதல்’ எளிதாகும். முதல் கியரில் கிளம்பும்போது தேவைப்படும் அளவு நிதானம், மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது தேவைப்படாது.

அரைகுறையாக மிதித்துக் கியர் போட்டால் ‘கரகர’வென்று சத்தம் வரும். அது கியர் பாக்ஸின் பல்வரிசை தேயும் சத்தம். கையில் பலம் போட்டுத் தள்ளாமல், கிளட்ச் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றி முடித்ததும் இடது கால் எங்கே? தரையில்! பலர் அடுத்த கியருக்குத் தயாராக இருப்பதாக நினைத்துப் பெடல் மேலேயே காலை வைத்திருப்பார்கள். காலின் கனம் மட்டுமே பெடலைக் கொஞ்சம் இறக்கிவிடப் போதும். உங்களுக்குத் தெரியாமலே பிளேட் வழுக்கிக்கொண்டிருக்கும். பெடலோடு சேர்ந்து இயங்கும் ரிலீஸ் பேரிங்கும் தேயும்.

நிறுத்தும்போது பிரேக் முதலில்

புதியவர்கள் பலர் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் கிளட்ச்சை மிதிப்பார்கள். வண்டி ஆஃப் ஆகிவிடுமோ என்ற பயம்! ஆனால் கிளட்ச்சை மிதித்த நொடியில் இன்ஜின் சக்கரத்தைப் பிடித்திருந்த பிடி போய்விடுகிறது. வண்டி தன் போக்கில் உருளும். பிரேக் மட்டும் தனியாகச் சுமையைத் தாங்க வேண்டும்.

சரியான வரிசை இது: ஆக்சிலேட்டரை விடுங்கள், பிரேக்கை அழுத்துங்கள், வண்டி நன்றாக வேகம் குறைந்து நிற்கப்போகும் கட்டத்தில் கிளட்ச்சை மிதியுங்கள். திடீரென்று குழந்தையோ மாடோ குறுக்கே வந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், பிரேக்தான். இன்ஜின் நின்றாலும் பரவாயில்லை, திரும்ப ஸ்டார்ட் செய்துகொள்ளலாம்.

நெரிசலிலும் சிக்னலிலும்

மாலை நேரத்து அண்ணா சாலையிலோ, திருவிழா நாளின் மதுரை வீதிகளிலோ வண்டி இரண்டடி நகரும், நிற்கும், மறுபடி நகரும். அரை கிளட்ச்சில் ஓயாமல் தேய்த்துக்கொண்டே போகத் தோன்றும். அப்படிச் செய்யாமல் முன்வண்டிக்குக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். நாலைந்து மீட்டர் இடம் கிடைத்ததும் கிளட்ச்சை முழுதாக விட்டு முதல் கியரில் ஊர்ந்து போய் நில்லுங்கள். பத்து முறை இரண்டடி நகர்வதைவிட இரண்டு முறை பத்தடி நகர்வது காலுக்கும் நல்லது, கிளட்ச்சுக்கும் நல்லது.

சிக்னலில் அதிக விநாடிகள் காட்டினால் நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பச்சைக்குச் சில விநாடி முன்பு கிளட்ச் மிதித்து முதல் கியர் போட்டால் போதும்.

சிறிய இடத்தில் பார்க்கிங் செய்யும்போதும், ரிவர்ஸ் எடுக்கும்போதும் அரை கிளட்ச் தேவைப்படும். அது தவறில்லை. சில விநாடிகளில் முடிந்துவிடும் வேலை அது.

மேட்டில் நின்று கிளம்புவது

இது வெறும் திறமைக் காட்டல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 15-ஆம் விதி, ஓட்டுநர் தேர்வில் பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையோ, ஆக்சிலேட்டருடன் கால் பிரேக்கையோ சரியாகப் பயன்படுத்தி, பின்னால் உருளாமல் திரும்பக் கிளப்ப வேண்டும் என்பது அதில் ஒன்று. பின்னால் இருசக்கர வாகனத்தில் ஒரு குடும்பம் நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள், இந்த விதியின் அருமை புரியும்.

பழகுபவர்களுக்கு ஹேண்ட் பிரேக் முறையே பாதுகாப்பானது:

1. கால் பிரேக்கால் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுங்கள். கிளட்ச்சை முழுதாக மிதித்து முதல் கியர் போடுங்கள்.

2. கால் பிரேக்கை விட்டு, சமதளத்தில் கொடுப்பதைவிடச் சற்று அதிகமாக ஆக்சிலேட்டர் கொடுங்கள்.

3. கிளட்ச்சை வண்டி பிடிக்கும் இடம் வரை விடுங்கள். சத்தம் அடங்கி, வண்டி முன்னால் போகத் துடிப்பது தெரியும். காலை அங்கேயே நிறுத்துங்கள்.

4. இப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், அல்லது முன்னால் நகரும்.

5. ஆக்சிலேட்டரைக் கூட்டிக்கொண்டே கிளட்ச்சை மெதுவாக முழுதும் விடுங்கள்.

ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் வண்டி பின்னால் போனால், கிளட்ச் இன்னும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். உடனே பிரேக்கை மிதித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள். சில புதிய கார்களில் ஏற்றத்தில் வண்டியைச் சில விநாடி பிடித்து நிறுத்தும் வசதி உண்டு. இருந்தாலும் கையும் காலும் தாமாகச் செய்யப் பழகிவிடுவது நல்லது. எல்லா வண்டியிலும் அந்த வசதி இருக்காது.

செய்யக்கூடாத ஒன்று: பிரேக் போடாமல், அரை கிளட்ச்சும் ஆக்சிலேட்டரும் கொடுத்தே ஏற்றத்தில் வண்டியைத் தாங்கி நிறுத்துவது. கிளட்ச் பிளேட்டை இதைவிட வேகமாகத் தேய்க்க வேறு வழியில்லை.

இறக்கத்தில் கிளட்ச் மிதிக்காதீங்க!

இந்தப் பாடத்தில் உயிரோடு சம்பந்தப்பட்ட பகுதி இது. ஏற்காடு போகும் சேலம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. இந்த மலைகளில் ஏறும்போது இன்ஜின் திணறுவது காதில் விழும், நாமும் கவனமாக இருப்போம். இறங்கும்போது வண்டி சத்தமில்லாமல் ஓடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கியரில் இருக்கும் வண்டி இறக்கத்தில் போகும்போது, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கியர் குறையக் குறைய இந்தப் பிடி அதிகமாகும். கிளட்ச்சை மிதித்தாலோ, பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டாலோ இந்தப் பிடி முழுதாகப் போய்விடும். பிறகு மலை முழுவதும் பிரேக் ஒன்றை நம்பித்தான் இறங்க வேண்டும். தொடர்ந்து அழுத்தினால் பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகும். சூடேறிய பிரேக்கில் பிடிப்பு குறையும். மிதித்தும் வண்டி நிற்காத நிலை வரலாம். ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று சொல்லப்படும் மலைப்பாதை விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். உதகைக்கும் மசினகுடிக்கும் இடையே 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி பாதையில் சுற்றுலா வாகனங்கள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு இருப்பதும் அந்தச் செங்குத்தான இறக்கத்தினால்தான்.

நியூட்ரலில் பெட்ரோல் மிச்சமாகும் என்பதும் சரியில்லை. இன்றைய கார்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது இன்ஜினுக்கு எரிபொருள் போவதே பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்கு எரிபொருள் செலவாகும்.

எனவே, அந்த மலையில் ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு கிளட்ச் மிதித்துக் கியர் மாற்ற வேண்டாம். வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். தொடர்ந்து மிதித்தபடியே வராதீர்கள். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. மேட்டில் நின்று திரும்பக் கிளம்புவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கு இப்போது தெரியுமே!

மலையில் நிறுத்தி இறங்கினால் ஹேண்ட் பிரேக்கோடு, வண்டி மேல்நோக்கி நின்றால் முதல் கியர், கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியர் போட்டுவிட்டு இறங்குங்கள். திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது கிளட்ச் மிதிக்க மறக்காதீர்கள்.

கிளட்ச் தேய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. ஏற்றத்திலும், ஆட்கள் நிறைய ஏறியிருக்கும்போதும் இது முதலில் தெரியும். பெடலை ஏறக்குறைய முழுதாக விட்ட பிறகே வண்டி பிடிக்கிறதா? அதுவும் பல கார்களில் தேய்மானத்தின் அடையாளம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். முழுதாக மிதித்தும் கியர் விழாமல் முரண்டு பிடித்தால் கிளட்ச் கேபிளிலோ ஆயிலிலோ கோளாறு இருக்கலாம்.

கருகிய நாற்றம் வந்தால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, ஆறவிடுங்கள். அதே நாற்றத்தோடு மலை ஏற வேண்டாம். கிளட்ச் பிளேட்டை மாற்ற கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்பதால், பொருளின் விலையோடு கூலியும் சேர்ந்து வரும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு மேம்பாலத்திலாவது ஏற்றிப் பார்த்து, மேலே சொன்ன அடையாளங்கள் இருக்கின்றனவா என்று கவனித்த பிறகு விலை பேசுங்கள்.

தேர்வு நாளில்

கிளம்பும்போது வண்டி ஆஃப் ஆகிவிட்டால் அவசரப்படாதீர்கள். பிரேக், கிளட்ச், நியூட்ரல், ஸ்டார்ட் என்று வரிசையாக வாருங்கள். தேர்ச்சி கிடைக்காவிட்டால் 7 நாட்களுக்குப் பிறகு மீண்டும் தேர்வுக்கு வரலாம். அந்த ஒரு வாரத்தில் எதில் தடுமாறினீர்களோ அதை மட்டும் பழகுங்கள். விண்ணப்பம், தேர்வு நாள் முன்பதிவு ஆகியவற்றைப் பரிவாகன் சாரதி இணையதளத்தில் செய்துகொள்ளலாம். உரிமம் கிடைத்த பிறகு டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் சேர்த்துவைத்தால், சோதனையின்போது போனிலேயே காட்டலாம்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள

• கிளட்ச் மிதிப்பது முழுதாக, வேகமாக, விடுவது பதமாக.
• வேலை முடிந்ததும் இடது கால் தரையில்.
• வேகம் குறைக்க முதலில் பிரேக், கிளட்ச் கடைசியில்.
• நீண்ட சிக்னலில் நியூட்ரல், ஹேண்ட் பிரேக்.
• மேட்டில் கிளட்ச் பிடித்த பிறகே ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள்.
• இறக்கத்தில் குறைந்த கியர். கிளட்ச்சும் நியூட்ரலும் வேண்டாம்.

இதைப் படிப்பதெல்லாம் வீட்டில் இருக்கும்போது. வண்டியில் உட்கார்ந்துவிட்டால் போனை எடுத்து உள்ளே வையுங்கள். கால் செய்ய வேண்டியதைக் கால் பார்த்துக்கொள்ளும், கண் சாலையில் இருக்கட்டும்.